கதை ஓடவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

மழை பெய்தால் கூடத்தின் நடுவில் சொட்டும். ஏறிப் பார்த்தால் விரிசல் பத்தடி தள்ளிச் சுவரோரத்தில் இருக்கும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே சிமெண்ட் பூசினால் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் சொட்டும். சிறுகதையின் பழுதும் இதே ரகம்தான். முடிவு சப்பென்று இருக்கிறது என்று முடிவைப் பத்து முறை மாற்றி எழுதுகிறோம். கோளாறு மூன்றாவது பத்தியில் உட்கார்ந்திருக்கிறது. நடுப்பகுதி இழுக்கிறது என்று நடுவை வெட்டுகிறோம். உண்மையில் தொடக்கத்தில் எதுவும் பணயம் வைக்கப்படவில்லை, அதனால்தான் நடுவில் இழுக்க ஒன்றும் இல்லை.

ஆகவே கீழே தலைப்புகளாக இருப்பவை எல்லாம் அறிகுறிகள், சொட்டுகிற இடங்கள். விரிசல் எங்கே என்று ஒவ்வொன்றிலும் தேடலாம்.

தேடும் முன் செய்ய வேண்டியது ஒன்று. கதையை அச்செடுத்து, வாய்விட்டு, நிறுத்தாமல் படியுங்கள். உங்கள் கண்ணே எங்கே தாவுகிறதோ, குரல் எங்கே சலித்துப்போகிறதோ, அங்கே ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். திருத்தாதீர்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தாமல் இருப்பது கஷ்டம்தான், அதனால் நான் பென்சில் வைத்துக்கொள்வேன், அதுவும் மொக்கைப் பென்சில். அப்புறம் அறிகுறிகளை மேலிருந்து வரிசையாகப் பாருங்கள். மேலே இருப்பது சரியானால் கீழே இருப்பது பல நேரம் தானாகவே சரியாகிவிடும். மொழியைச் சீர் பண்ணும் வேலை கிட்டத்தட்டக் கடைசியில்.

உதாரணத்துக்கு நான் பல வரைவுகள் கெடுத்த என் கதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். பூட்டுத் திறக்கும் வேலை செய்கிறவர் ஒருவர். இரவில் ஒரு பெண் ஃபோன் செய்கிறாள்: சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன், வந்து திறந்து கொடுங்கள். போகிறார். வேலையைத் தொடங்குகிறார். பாதியில், இது இவள் வீடுதானா என்று சந்தேகம் வருகிறது. அவ்வளவுதான் கதை.

அறிகுறி: படிக்கத் தந்தவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை

தாண்டவில்லை என்று அவர் சொல்ல மாட்டார். “நிதானமாகப் படிக்கணும், எடுத்து வைத்திருக்கிறேன்” என்பார். இரண்டு வாரம் கழித்தும் எடுத்தே வைத்திருப்பார்.

சோதனை எளிது. கதையில், நடந்த பிறகு பழையபடி ஆக்க முடியாத முதல் காரியம் எது? அந்த வரியின் கீழ் கோடு போடுங்கள். அதற்கு மேலே எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். என் முதல் வரைவில், பூட்டுக்காரர் காலையில் எழுந்து, கருவிப்பெட்டியைத் துடைத்து, அப்பாவிடம் தொழில் கற்ற கதையை நினைத்து, பகல் முழுக்க வேலை செய்து, இரவு படுத்த பிறகுதான் ஃபோன் அடித்தது. அதற்குள் 900 சொற்கள் போய்விட்டன. கதாபாத்திரத்தை அறிமுகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான்தான் அவரோடு பழகிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவருக்கு அந்த 900 சொற்கள் தேவை. படிப்பவருக்குத் தேவையில்லை.

சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாக, ஒற்றை விளைவை நோக்கிக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் ஒரு விமர்சனத்தில் எழுதினார். முதல் வாக்கியமே அந்த விளைவுக்கு உதவவில்லை என்றால் எழுதியவர் முதல் அடியிலேயே தோற்றுவிட்டார் என்பது அவர் வாதம். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதல் பக்கத்துக்கு இது நல்ல உரைகல்.

சரிசெய்ய: கோட்டுக்கு மேலே இருப்பதை முழுவதும் வெட்டி வேறொரு கோப்பில் வையுங்கள். மிச்சத்தைப் படியுங்கள். எங்கே புரியாமல் தடுக்கிறதோ, அங்கே மட்டும் வெட்டியதிலிருந்து ஒரு வரி திரும்ப வரட்டும். எனக்கு 900 சொற்களில் திரும்பி வந்தது ஒரே வரி: சாவி இல்லாமல் எந்தக் கதவையும் திறக்கக் கற்றுக்கொடுத்த அப்பா, யார் வீட்டுக் கதவு என்று கேட்கவும் கற்றுக்கொடுத்திருந்தார்.

இதன் எதிர்ப்பக்கப் பழுதும் உண்டு. எல்லாரும் வேகமாகத் தொடங்கச் சொல்கிறார்கள் என்று முதல் வரியிலேயே ரத்தம், அலறல், துப்பாக்கி என ஆரம்பிப்பது. யாருடைய ரத்தம் என்று தெரியாதவரை அது வெறும் நிறம். சிக்கலுக்கு ஓர் அடி முன்னால் தொடங்கினால் போதும், சிக்கலின் உச்சியில் தொடங்க வேண்டியதில்லை.

அறிகுறி: நிறைய நடக்கிறது, ஆனாலும் “அப்புறம்?” என்று யாரும் கேட்கவில்லை

நல்ல உழைப்பாளிகளுக்கு வரும் வியாதி இது. விபத்து, பிரிவு, மரணம், மறுசந்திப்பு எல்லாம் எட்டுப் பக்கத்துக்குள் நடந்துவிடும். படித்தவர் “டைரி மாதிரி இருக்கு” என்பார்.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில் சொன்ன ராஜா ராணி உதாரணம் பலருக்குத் தெரிந்திருக்கும். ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தார் என்பது கதை. ராஜா இறந்தார், அந்தத் துக்கத்தில் ராணியும் இறந்தார் என்றால் அது கதைப்பின்னல். முதலாவதில் ‘அப்புறம்?’ என்று கேட்கிறோம், இரண்டாவதில் ‘ஏன்?’ என்று கேட்கிறோம் என்றார். என் அனுபவத்தில், ஏன் என்ற கேள்வி உள்ளே ஓடாத இடத்தில் அப்புறம் என்ற கேள்வியும் சீக்கிரமே செத்துப்போகிறது.

சோதனைக்குத் துண்டுச்சீட்டுகள் வேண்டும். ஒவ்வொரு காட்சியையும் ஒரு சீட்டில் ஒரே வரியாக எழுதுங்கள். மேசையில் வரிசையாக அடுக்குங்கள். இரண்டு சீட்டுகளுக்கு நடுவே ஓர் இணைப்புச் சொல்: ‘அதனால்’, ‘ஆனால்’, ‘அப்புறம்’ மூன்றில் எது பொருந்தும்? நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘அப்புறம்’ மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அங்கே தையல் விட்டிருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு, கொஞ்சம் குரூரமானது. நடுவில் இருக்கும் இரண்டு சீட்டுகளை இடம் மாற்றி வையுங்கள். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அவை காட்சிகள் அல்ல, தகவல்கள்.

என் கதையின் இரண்டாவது வரைவு இப்படி இருந்தது: ஃபோன் வந்தது, அப்புறம் போனார், அப்புறம் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, அப்புறம் மின்சாரம் போனது, அப்புறம் சந்தேகம் வந்தது. நாயையும் மின்வெட்டையும் பதற்றத்துக்காகச் சேர்த்திருந்தேன். இரண்டும் எதற்கும் காரணமில்லை, எதன் விளைவும் இல்லை. திருத்திய வரிசை இது: அவள் குழந்தை உள்ளே தூங்குகிறது என்றாள், அதனால் அவர் விலாசச் சான்று கேட்காமல் வேலையைத் தொடங்கினார். ஆனால் பேச்சுவாக்கில் குழந்தையின் பெயர் கேட்டபோது அவள் உடனே சொல்லவில்லை. அதனால் அவர் கை தயங்கியது. ஆனால் உள்ளிருந்து ஏதோ சத்தம் கேட்டது.

நாய் போய்விட்டது. யாரும் தேடவில்லை.

அறிகுறி: ஆபத்து பெரியதுதான், படிப்பவருக்குத்தான் பதறவில்லை

இங்கே கொஞ்சம் நேரம் செலவிடலாம், ஏனென்றால் ‘விறுவிறுப்பு இல்லை’ என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு விரிசல் இங்கேதான்.

அவசரம் என்றால் வேகம் என்று நினைக்கிறோம். ஓடுகிற கால்கள், துரத்துகிற வண்டி. உட்கார்ந்த இடத்தில் ஒருவர் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசிப்பதிலும் மூச்சு முட்டும் அவசரம் இருக்க முடியும். துரத்தல் காட்சியில் கொட்டாவியும் வர முடியும். கதாபாத்திரம் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும், எந்தப் பக்கம் எடுத்தாலும் ஏதோ ஒன்று கையை விட்டுப் போகும், யோசிக்க நேரமும் இல்லை. இந்த மூன்றும் சேருகிற இடத்தில்தான் பதற்றம் பிறக்கிறது. ஒன்று குறைந்தாலும் எஞ்சுவது சத்தம்தான்.

என் மூன்றாவது வரைவிலிருந்து ஒரு துண்டு:

“இரவு மணி பத்தரை. அவள் பதற்றத்துடன் நின்றிருந்தாள். ‘சீக்கிரம் திறங்கள்’ என்றாள். அவருக்கு ஏனோ சந்தேகமாக இருந்தது. இவள் திருடியாக இருப்பாளோ? போலீஸ் வந்தால்? அவர் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது.”

இதில் எல்லாரும் பதறுகிறார்கள், படிப்பவரைத் தவிர. காரணம் என்ன? அவள் திருடி என்றால் அவர் செய்ய வேண்டியது தெளிவு, எழுந்து போய்விடலாம். ஒரு பக்கம் மட்டுமே எடை இருக்கிற தராசில் முள் ஆடாது. திறக்காமல் போனாலும் அவருக்கு ஏதாவது உறுத்த வேண்டும். அதற்காகத்தான் கதவுக்கு உள்ளே குழந்தை வந்தது.

இன்னொன்றும் கிடைத்தது, அது தொழிலிலிருந்தே வந்தது. கதவுகளில் வரும் ஒரு வகைப் பூட்டைச் சாவியில்லாமல் திறக்க, ஒரு கம்பியால் திருப்புகிற அழுத்தம் கொடுத்துக்கொண்டே, இன்னொரு கம்பியால் உள்ளே இருக்கும் பின்களை, அதாவது சின்ன உலோகக் குச்சிகளை, ஒவ்வொன்றாக மேலே தள்ள வேண்டும். மேலே ஏறிய ஒவ்வொரு பின்னும் அந்த அழுத்தத்தில்தான் நிற்கும். அழுத்தத்தை விட்டால் ஏறிய பின்கள் எல்லாம் கீழே விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. பூட்டில் ஐந்து பின்கள் என்று வைத்துக்கொண்டேன். திருத்திய துண்டு:

“மூன்றாவது பின் ஏறியது. இன்னும் இரண்டு.

‘குழந்தை தூங்குதுண்ணா. சத்தம் வேண்டாம்.’

‘பேர் என்னம்மா?’

‘யாரு பேரு?’

‘குழந்தை பேரு.’

அவள் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

நான்காவது பின் ஏறியது.”

‘சந்தேகம்’ என்ற சொல் இதில் இல்லை. இதயம் அடிக்கவும் இல்லை. சந்தேகப்படும் வேலை படிப்பவரிடம் போய்விட்டது, அந்த வேலையைச் செய்கிறவருக்குத்தான் பதறும். கூடவே, சந்தேகம் வளரும் அதே நேரத்தில் வேலையும் முடிந்துகொண்டே வருகிறது. இன்னும் ஒரே ஒரு பின்தான்.

படிப்பவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பது இதனோடு ஒட்டிய கேள்வி. மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, முன்பே தெரிந்திருந்தால் 15 நிமிடம் பதற்றம் என்று திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னது சினிமாவைப் பற்றி. சிறுகதைக்கும் அது பொருந்தும். முடிச்சை ஒளித்துவைத்தால்தான் விறுவிறுப்பு என்று புதிதாக எழுதுகிறவர்கள் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். பெரும்பாலும் நேர்மாறு. என்ன கெட்டது நடக்கலாம் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். நடக்குமா என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய ஒரு பயிற்சி: உங்கள் நாயகரைப் பற்றி இரண்டு வாக்கியங்களை நிரப்புங்கள். ‘இதைச் செய்தால் அவர் இழப்பது…’ ‘செய்யாவிட்டால் அவர் இழப்பது…’ இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் பழுது கிடைத்துவிட்டது. இரண்டையும் நிரப்பிவிட்டு, அவை கதைக்குள் எந்தப் பத்தியில் தெரிகின்றன என்று விரல் வைத்துக் காட்டுங்கள். உங்கள் மனதில் இருப்பது கணக்கில் வராது.

இழப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. உலகம் அழியப்போகிறது என்று எழுதினால் படிப்பவர் அசைய மாட்டார். இருபது வருட நட்பில் ஒரு பொய் வெளியே வரப்போகிறது என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

அறிகுறி: கெடு வைத்தாயிற்று, அதுவும் எடுபடவில்லை

‘ஆறு மணிக்குள் செய்தாக வேண்டும்’ என்று கடிகாரத்தைக் கதைக்குள் மாட்டிவிட்டோம். மூன்று இடத்தில் மணி என்ன என்றும் எழுதினோம். ஆனாலும் ஒன்றும் ஆகவில்லை.

கேட்க வேண்டியது: ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு என்ன ஆகும்? பதில் ‘கொஞ்சம் திட்டுவார்கள்’ என்றால் அது கெடு இல்லை, அட்டவணை. அடுத்த கேள்வி: அந்த ஆறு மணியை வைத்தது யார்? எழுதுகிறவர் வைத்த கெடுவைப் படிப்பவர் மோப்பம் பிடித்துவிடுவார். கதையின் பொருளிலிருந்தே வந்த கெடுவை அப்படிப் பிடிக்க முடியாது. எனக்கு அந்தப் பின்கள் கிடைத்த பிறகு மணி பத்தரை என்ற வரியையே எடுத்துவிட்டேன்.

கடிகாரம் மட்டுமே கெடு என்றும் இல்லை. போகிற ஆள், குறைகிற வெளிச்சம், வற்றுகிற தைரியம், பின்வாங்குகிற போதை, எல்லாம் கெடுதான். கோபம் தணிவதற்குள் ஒரு கடிதத்தை எழுதி முடிக்க வேண்டும், தணிந்தால் எழுத முடியாது என்று ஒரு கதாபாத்திரத்துக்குத் தெரியும் என்று வையுங்கள். சுவரில் எதையும் மாட்டாமலே நேரம் ஓடத் தொடங்கிவிடும்.

அறிகுறி: நடுவில் தொய்வு

பென்சில் கோடுகள் பக்கம் நான்கிலும் ஐந்திலும் குவிந்திருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று.

முதலாவது, நினைவோட்டம். கதாபாத்திரம் ஜன்னலைப் பார்த்து, பத்து வருடம் பின்னால் போய்விடுகிறார். பின்கதை தேவைப்படலாம். அது வருகிற இடம்தான் விஷயம். நிகழ்காலத்தில் ஒரு கேள்வி சூடாக இருக்கும்போது, அந்தக் கேள்விக்கு விடையின் ஒரு பாதியைத் தருகிற நினைவு என்றால் படிப்பவர் பொறுத்துக்கொள்வார், ஏன், ரசிப்பார். கேள்வியே இல்லாதபோது வரும் நினைவைத் தாண்டிப் போய்விடுவார். நினைவை முடித்துத் திரும்பி வரும்போது நிகழ்காலத்தில் ஏதாவது மாறியிருக்கவும் வேண்டும். நான்காவது பின்னில் விட்டுப்போன கை, திரும்பி வரும்போதும் நான்காவது பின்னிலேயே அசையாமல் இருந்தால், நடுவில் நின்றது கதைதான்.

இரண்டாவது, ஒரே முயற்சி மூன்று முறை. கதவைத் தட்டுகிறார், திறக்கவில்லை. மறுபடி தட்டுகிறார். இன்னும் பலமாகத் தட்டுகிறார். எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது, விலை கூடவில்லை. முதல் முறை தோற்றால் இரண்டாவது முயற்சிக்கு அவர் இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்க வேண்டும்: மானத்தை, ரகசியத்தை, கையிருப்பை. அப்படிக் கூடவில்லையென்றால் இரண்டை ஒன்றாக்கிவிடுங்கள்.

அறிகுறி: நாயகர் வேடிக்கை பார்க்கிறார்

சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். நாயகர் எழுவாயாக வரும் வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். பார்த்தார், உணர்ந்தார், நினைத்தார், நினைவு கூர்ந்தார், பெருமூச்சு விட்டார் என்றே வந்தால் அவர் கதைக்குள் இல்லை, கதைக்கு டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார். மென்மையான மனிதர்களைப் பற்றி எழுதும்போது இது அடிக்கடி நடக்கும். மென்மையானவர் சண்டை போட வேண்டாம். ஒன்றைச் சொல்லாமல் மறைக்கலாம், ஒரு பொருளை இடம் மாற்றி வைக்கலாம், ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கலாம். அவை செயல்கள்தான்.

அறிகுறி: வாக்கியங்கள் ஓடுகின்றன, கதை நிற்கிறது

இப்போது மொழிக்கு வரலாம். இது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய இடம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் மொழியில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம்:

“அவர் எழுந்து, கதவருகே போய், குனிந்து, துவாரத்தில் கண் வைத்துப் பார்த்து, திடுக்கிட்டு, பின்வாங்கினார்.”

இலக்கணம் சரி, ஓட்டமும் இருக்கிறது. ஆனால் எழுந்ததும் பார்த்ததும் திடுக்கிட்டதும் ஒரே எடையில் வந்து போகின்றன. முற்றுவினை கிடைத்தது ‘பின்வாங்கினார்’ என்பதற்கு. கதையைத் திருப்புகிற காரியமோ பார்த்தது. அதுவும் என்ன பார்த்தார் என்பதே இல்லை. எச்சமாக வரும் வினையைப் படிப்பவர் கடந்து போவார், முற்றாக வரும் வினையில் நிற்பார். ஆகவே திருப்பம் இருக்கும் வினைக்கு முற்றைக் கொடுங்கள்:

“எழுந்து கதவருகே போய்க் குனிந்தார். துவாரத்தில் கண்ணை வைத்தார். உள்ளே விளக்கு எரிந்தது.”

இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் “எழுந்தார். நடந்தார். நின்றார். குனிந்தார்.” என்று எல்லாவற்றையும் வெட்டிவிடக் கூடாது. எல்லாமே முக்கியம் என்றால் மறுபடியும் எதுவும் முக்கியமில்லை. உப்புச்சப்பில்லாத காரியங்களை எச்சத்தில் ஓட்டிவிட்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்குத்தான் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன.

தமிழ் வாக்கியத்தின் கடைசி இடம் ஒரு சொத்து. “கைப்பைக்குள் ஒரு சாவிக்கொத்து இருந்தது” என்பது தகவல். “கைப்பைக்குள் இருந்தது ஒரு சாவிக்கொத்து” என்றால் கண் கடைசிச் சொல்லில்தான் விழுகிறது. சாவி இல்லை என்று சொன்னவளின் பையில் சாவிக்கொத்து. கதையில் இரண்டு இடத்துக்கு மேல் இந்தத் தலைகீழ் வேண்டாம், பழகிப்போனால் பாவனையாகிவிடும்.

அப்புறம் சில சந்தேகக் கேஸ்கள். ‘திடீரென்று’ வருகிற இடங்களில் எல்லாம் அதை எடுத்துவிட்டுப் படியுங்கள். நடந்தது திடீரென்று நடந்தால் சொல் இல்லாமலே தெரியும். ‘கொண்டிருந்தார்’ பின்னணிக்கு நல்லது, உச்சக் காட்சியில் எல்லாவற்றையும் நீர்த்துப்போகச் செய்யும். ‘போலிருந்தது’, ‘ஏதோ ஒரு’, ‘ஏனோ’ மூன்றும் எழுதுகிறவருக்கு இன்னும் தெரியவில்லை என்பதன் அடையாளம். வேகத்துக்காகக் கதை முழுவதையும் ‘திறக்கிறார், பார்க்கிறார்’ என்று நிகழ்காலத்துக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காலம் மாற்றியதால் மட்டும் எந்தக் கதைக்கும் அவசரம் வந்து நான் பார்த்ததில்லை.

ஆச்சரியக்குறிகளைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அறிகுறி: முடிவு சப்பென்று இருக்கிறது, அல்லது ஏமாற்றியது போல் இருக்கிறது

இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். முடிவில் வெடிப்பது முன்பே கதைக்குள் வந்திருக்க வேண்டும். வெடிக்கப்போவதில்லை என்றால் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேடையில் வைக்கக் கூடாது என்று ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1889இல் ஒரு கடிதத்தில் எழுதினார். சிறுகதைக்காரர்கள் அதைத் திருப்பியும் படிக்க வேண்டும்: மேடையில் வைக்காத துப்பாக்கி வெடிக்கவும் கூடாது.

என் பழைய முடிவுகளைப் பாருங்கள். ஒன்றில் போலீஸ் வந்தது. யார் கூப்பிட்டார்கள் என்று எனக்கே தெரியாது. இன்னொன்றில் அந்தப் பெண் பல வருடம் முன்பு காணாமல் போன அவருடைய தங்கை. எழுதும்போது எனக்குக் கண்ணீர் வந்தது, படித்த நண்பர் மரியாதையாகத் தலையாட்டினார். நாயகரைச் சிக்கலில் மாட்டிவிடத் தற்செயல் உதவலாம், அங்கே யாரும் கோபப்பட மாட்டார்கள். சிக்கலிலிருந்து அவரை வெளியே எடுக்கத் தற்செயல் வந்தால் கோபப்படுவார்கள்.

சரிசெய்ய: முடிவில் நாயகர் எடுக்கும் தீர்மானத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அப்படி ஒரு தீர்மானமே இல்லையென்றால் முடிவைத் தொடாதீர்கள். ‘ஆபத்து பெரியதுதான்’ என்று தொடங்கும் பகுதிக்குத் திரும்பிப் போங்கள், விரிசல் அங்கே இருக்கிறது. தீர்மானம் இருந்தால், அதை அவர் எடுத்த பிறகு எத்தனை வரிகள் ஓடுகின்றன என்று பாருங்கள். விளக்கம், வானம், நிலா, தொலைவில் கேட்ட ரயில் சத்தம் இவற்றை எல்லாம் மூடிவிட்டு, தீர்மானம் முடிந்த இடத்திலேயே நிறுத்திப் படியுங்கள். பெரும்பாலும் அது போதும்.

நான் கடைசியில் வைத்துக்கொண்ட முடிவு: நான்கு பின்கள் ஏறிய நிலையில் அவர் சாவிக்கொத்தைப் பார்க்கிறார். அழுத்தத்தை மெல்ல விடுகிறார். பின்கள் விழுகிற சத்தம் இருவருக்கும் கேட்கிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது உள்ளிருந்து தூக்கக் குரலில், “அம்மா.” எந்தக் குழந்தைதான் தூக்கத்தில் அம்மா என்று கூப்பிடாது? அவர் மறுபடி கம்பியை நுழைக்கிறார். முதல் பின். அங்கே நிறுத்திவிட்டேன். அவள் யார் என்று கதை சொல்வதில்லை. அவர் எதற்குத் துணிந்தார் என்பது தெரிந்துவிடுகிறது.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஓடவில்லை

முதலில், ஓடத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மனநிலையை, ஒரு பிற்பகலை மட்டும் பிடித்துவைக்கிற கதைகள் உண்டு. அவற்றுக்கு முடிச்சுப் போட்டால் மூச்சு திணறும். ஆனால் இதைச் சோம்பலுக்குச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த வகைக் கதையிலும் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கும், அது நிழலாக இருந்தாலும் சரி.

அதுவும் இல்லையென்றால், கதை தவறான ஆளின் கையில் இருக்கலாம். நடுவில் ஒரு வரைவை அந்தப் பெண்ணின் பார்வையில் எழுதிப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும், எதற்காக வந்தாள் என்பதும் தெரியும். அவள் மனதுக்குள் உட்கார்ந்துகொண்டு அதைப் படிப்பவரிடம் மறைப்பதற்கு நான் என்னென்னவோ வித்தை செய்ய வேண்டியிருந்தது. பூட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவர்தான் முடிவு எடுக்க வேண்டும்.

கதையில் இருக்கும் ஒவ்வொருவரின் இடத்திலிருந்தும் தொடக்கப் பத்தியை மட்டும் எழுதிப் பாருங்கள், ஆளுக்கு ஐந்தாறு வரி போதும். விவரம் தெரியாமலே தீர்மானிக்க வேண்டியவர் யாரோ, அவருடைய பத்தியைக் கடைசியில் எழுதுங்கள், கை சூடான பிறகு. நான் மாடிப்படியில் நின்று பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரின் பார்வையிலும் ஒரு பத்தி எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. அவரை வைத்து வேறொரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் இப்போது முதல் பக்கத்தில் 400 சொற்கள் அதிகமாக இருக்கின்றன.